மெம்பர் படத்துக்குக் கண் திறப்பு

துளசிங்கம் வாத்தியார் மனித முகம் வரைவார் என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் மெம்பர் ஜம்புலிங்கம். அதுவரை அது வாத்தியாருக்கே தெரியாது.

அவர் மெம்பர் வீட்டுக்குப் போனது வேறு காரியமாக. பொதட்டூர்பேட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருத்தணிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்கப் போயிருந்தார். வீடு திருத்தணியில், வேலை பொதட்டூர்பேட்டையில். குடும்பத்தை அங்கேயே கொண்டுபோய் வைத்தும் பார்த்தாகிவிட்டது. வீட்டுக்கு வீடு தறி, தெருவெல்லாம் பஞ்சுத் தூசி. மனைவி கன்னியம்மாளுக்கு ஏற்கெனவே இழுப்பு. அங்கே இருந்த நாளில் அவள் படுத்துத் தூங்கியதே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடினாள். திரும்ப அழைத்து வந்துவிட்டார். அன்று முதல் தினமும் பஸ். யுத்த காலமாதலால் பெட்ரோல் கிடையாது, பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற பஸ். ஓடினால் சாயங்காலம் வீடு. ஓடாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு. அப்படி ஓடாத ஒரு நாளுக்கு மறுநாள் காலை வீடு வந்தபோது, பக்கத்து வீட்டு எல்லம்மாள் கன்னியம்மாளின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாளின் உதடு நீலமாக இருந்தது. வாத்தியாரைப் பார்த்ததும் எல்லம்மாள் எழுந்தாள். வெந்நீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். வைதிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

திருத்தணிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் ஆடி மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடம் வேண்டும். அதற்கு ஜில்லா போர்டில் மெம்பர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

“ஒரு வார்த்தைதானே” என்று மெம்பர் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருப்பதில்தான் அவருடைய செல்வாக்கு முழுவதும் இருந்தது.

அன்று மெம்பர் வருத்தத்தில் இருந்தார். மலையடிவாரத்தில் யாத்ரீகர்களுக்கென்று ஒரு சத்திரம் கட்டி முடித்திருந்தார். பணம் ஊராருடையது, பெயர் அவருடையது. ஆடிக் கிருத்திகைக்குத் திறப்பு விழா. சத்திரம் என்றால் தர்மகர்த்தாவின் படம் கூடத்தில் தொங்க வேண்டும். அரக்கோணத்துப் போட்டோக்காரனோ, யுத்தம் முடிகிறவரை பிளேட் கிடையாது என்று கையை விரித்துவிட்டான். உலகத்தில் என்னென்னவோ அழிந்துகொண்டிருந்தது. மெம்பருக்கு யுத்தம் உறைத்தது அன்றைக்குத்தான்.

வாத்தியாரை அவர் மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் போர்டில் படம் போடுவதுண்டா என்று கேட்டார். மாம்பழம் போடுவதுண்டு, கூஜா போடுவதுண்டு, பசுமாடு போடுவதுண்டு என்றார் துளசிங்கம்.

“மாடு போடத் தெரிஞ்சவனுக்கு மனுசன் போடறது பெரிசாய்யா?” என்றார் மெம்பர். “மாட்டுக்கு நாலு காலு. எனுக்கு ரெண்டுதான். அதுவும் நீ மார் வரைக்கும் போட்டா போதும்.”

துளசிங்கம் நீல உதட்டை நினைத்துக்கொண்டார். “ஆங், போடலாம்ங்க” என்றார். இப்படித்தான் அவர் சித்திரக்காரரானார்.

*

முதல் படத்தைக் கன்னியம்மாளிடம் காட்டினார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

“மாம்பழத்துக்கு மீசை வெச்ச மாதிரி கீது பாவா.”

“மெம்பரு அது.”

“அப்பிடின்னா மாம்பழத்துக்குக் கோவம் வரும்.”

குற்றம் மாம்பழத்தின் மேல் இல்லை. அவருடைய கைக்கு அந்த வளைவுதான் பழகியிருந்தது. அதோடு, கண்ணைத் தலையின் உச்சியில் கொண்டுபோய் வைத்திருந்தார். படிக்கத் தொடங்குகிற எவனும் அங்கேதான் வைப்பான், நெற்றிக்கு மேல் ஏதும் இருப்பதாக நாம் நினைப்பதில்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு மலையிறங்கி வருகிற ஜனங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்த பிறகுதான், கண் என்பது தலையின் சரிபாதியில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக மேல்பாதியை முடி மறைத்து ஏமாற்றிவிட்டது. இந்த விஷயம்கூடத் தெரியாமல் பிள்ளைகளுக்கு உடற்கூறு வேறு நடத்தியிருக்கிறோமே என்று சோர்ந்து போனார்.

தப்பை அழிக்கவும் வழியில்லை. மலேயாவை ஜப்பான்காரன் பிடித்ததோடு ரப்பரும் போய்விட்டது. சோற்றுப் பருக்கையை உருட்டி அழித்துப் பார்த்தார். கோடு போனது, எறும்பு வந்தது. அதனால் அழிக்காமலே வரையப் பழகிக்கொண்டார். தொடுவதற்கு முன் நெடுநேரம் பார்ப்பது, தொட்டால் பென்சில் நுனி காகிதத்தில் பட்டும் படாமலும் போவது, சரியென்று தெரிந்த பிறகே அழுத்துவது. பழைய பரீட்சைத் தாள்களின் பின்புறமெல்லாம் மூக்கும் காதுமாக நிறைந்தது.

முகம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அசையாமல் உட்காருங்கள் என்று யாரிடமாவது சொன்னால், அந்த நொடியிலிருந்து அந்த மனிதர் வேறு யாரோ ஆகிவிடுகிறார். கன்னியம்மாளுக்கு உட்கார நேரமில்லை, உட்கார்ந்தால் இருமல்.

கடைசியில் பஸ்தான் கைகொடுத்தது. அந்த பஸ்ஸில் தூங்காதவர்கள் டிரைவரும் அடுப்பைக் கிளறுகிற கிளீனரும்தான். மற்றவர்கள் ஏறினதும் தூங்கினார்கள், மேட்டில் இறங்கித் தள்ளச் சொன்னால் தள்ளிவிட்டு வந்து தூங்கினார்கள். தறிக்காரர்கள் தூங்கினார்கள், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும் அவர்கள் தோளிலேயே சாய்ந்து தூங்கினார்கள். தூங்குகிறவனுக்கு முகத்தில் காட்ட ஒன்றுமில்லை. தாடை தொங்கிப்போகும், நெற்றி அவிழ்ந்துவிடும், இருபது வயசு ஏறும் அல்லது இறங்கும். துளசிங்கம் ஒவ்வொரு முகமாக வரைந்தார். பஸ் குலுங்குகிறபோது பென்சிலைத் தூக்கிக்கொள்வார், நின்று போனால் நிழல் போடுவார். பஸ் அடிக்கடி நின்றது. ஆகவே நிழலில் அவர் கை சீக்கிரம் தேறியது.

கத்தரிக்காய்க் கூடையோடு வருகிற கௌரியம்மாள் ஒரு நாள் பாதியில் விழித்துக்கொண்டாள். எதிரே தன் முகம் காகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கிற போட்டோக்களைத்தான் அவள் அந்த மாதிரி பார்த்திருக்கிறாள்.

“நான் இன்னா பொணமா?” என்றாள், நிதானமாக. “கண்ணத் தொறந்து வைய்யா.”

துளசிங்கம் மன்னிக்கச் சொன்னார். அந்த வித்தை தமக்கு இன்னும் வரவில்லை, மூடின கண்தான் வருகிறது என்று உள்ளதைச் சொன்னார். அவள் ஏற்கவில்லை. உசுரோடு இருக்கிறவளுக்கு இப்படிப் படம் போட்டால் ஆகாது, திறக்காமல் பஸ்ஸை விட்டு இறங்கவிடமாட்டேன் என்றாள். அதோடு நிற்காமல், திருத்தணி வருகிறவரை இமை கொட்டாமல் அவரையே முறைத்துக்கொண்டு வந்தாள். திறந்த கண் எப்படியிருக்கும் என்று துளசிங்கம் முதல்முதலாக அசையாமல் பார்க்க முடிந்தது அப்போதுதான். எப்படியோ இரண்டு கண்களைத் திறந்து வைத்தார். அவள் பார்த்தாள். “ஆங், இப்ப கெடக்கட்டும்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

*

மெம்பரை வரைகிற வேலை பங்குனியில் தொடங்கியது. மெம்பர் ஜரிகைத் தலைப்பாகை கட்டி, மார்பை உயர்த்தி, ஒரு புருவத்தை ஏற்றி, மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு உட்கார்வார். வாத்தியார் தாடையின் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் மூச்சை விட்டாக வேண்டும். விட்டதும் வேறு ஆள். போதாததற்குக் கணக்குப்பிள்ளை துரைக்கண்ணு பின்னால் நின்றுகொண்டு ஐயாவின் முகத்தைத் திருத்திக்கொண்டேயிருந்தார். மூக்கு நிஜத்தில் இன்னும் கூர், கழுத்து நிஜத்தில் இவ்வளவு குட்டையில்லை, மீசை நிஜத்தில் இதைவிட அடர்த்தி. துரைக்கண்ணு சொல்லுகிற அந்த நிஜம் எந்த ஊரில் இருக்கிறது என்று துளசிங்கத்துக்குத் தெரியவில்லை. வைகாசி பிறந்தும் காகிதத்தில் ஒரு தலைப்பாகையும் இரண்டு காதுகளும்தான் இருந்தன.

மாற்றல் பற்றி மெம்பர் மறக்கவில்லை. வாத்தியார் வரும்போதெல்லாம் அவரே பேச்சை எடுத்தார்.

“மொதல்ல இது ஆவட்டும் வாத்தியாரே. ஒரு வார்த்தைதானே.”

வழி, மெம்பரின் சாப்பாட்டில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், தலைப்பாகையோடே சாய்வு நாற்காலியில் அவர் தூங்கிவிட்டார். துரைக்கண்ணுவும் கணக்கு மேஜையில் தலை சாய்த்திருந்தார். புருவம் இறங்கியது. மார்பு இறங்கியது. கன்னம் இரண்டும் தங்களுக்கு உரிய இடத்தில் போய்த் தொங்கின. துளசிங்கத்துக்குப் பழக்கமான முகம் அது. பஸ்ஸில் எந்த நாளும் யாராவது ஒருவர் தோளில் சாய்ந்திருக்கிற முகம்தான். சத்தமில்லாமல் வரையத் தொடங்கினார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் சாப்பாட்டு நேரம் பார்த்தே போனார். கண் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு, முகம் முழுவதையும் முடித்தார்.

மெம்பர் விழித்துப் பார்த்தார். தாம்தான் என்று அவருக்கே தெரிந்தது. அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

“ஐயாவே உக்காந்துகினு கீறாப்பல கீது” என்ற துரைக்கண்ணு, மெம்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் களைப்பா கீறாரு” என்றார்.

“ஊருக்கு உழைச்ச களைப்பு” என்றார் மெம்பர். அந்த விளக்கத்துக்குப் பிறகு படம் அவருக்குப் பிடித்துவிட்டது. “கண்ணு எங்க?”

கடைசியில் வைப்பதாக வாத்தியார் சொன்னார். உடனே துரைக்கண்ணு, கோயில் சிலைக்கும் அப்படித்தான், எல்லாம் முடிந்து கடைசியில் நல்ல நேரம் பார்த்துத்தான் கண் திறப்பார்கள் என்றார். பேச்சுக்குச் சொன்னதுதான். மெம்பர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நெடுநேரம் வெள்ளைக் குழி இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அரக்கோணத்து மெம்பருக்குக்கூடப் படத்தைத்தான் திறந்தார்கள். எந்த ஊரிலும் எந்த மெம்பருக்கும் கண் திறந்ததில்லை. அவருக்குத் திறப்பார்கள். அதுவும் வாத்தியார் கையால் அல்ல. ராவ் சாகிப் பட்டம் வாங்கி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் சத்திரத்தைத் திறக்க வருகிறார். மேடையில், ஜனங்களின் முன்னால், அவரே பென்சிலைப் பிடித்து இரண்டு கருமணிகளையும் வைப்பார். அழைப்புப் பத்திரிகையில் “கண் திறப்பு வைபவம்” என்றே அச்சடிக்கச் சொன்னார்.

துளசிங்கம், மனிதர் படத்துக்கு அந்த வழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். கருமணி என்பது சின்னப் புள்ளியானாலும் முகம் முழுதும் அதில்தான் நிற்கிறது, இடம் ஒரு நூலளவு தப்பினால் அழிக்க ரப்பர்கூட இல்லை என்றும் சொல்ல நினைத்தார். மெம்பர் முந்திக்கொண்டார்.

“கிருத்திகை முடிஞ்ச மறுநாள் போர்டுக்குப் போறேன். உன் பேரைச் சொல்லத்தான் போறேன்.”

வாத்தியார் வாயை மூடிக்கொண்டு இமைகளை வரையப் போனார். அவருக்கு நன்றாகத் தெரிந்த திறந்த இமை ஒன்றே ஒன்றுதான். மெம்பரின் களைத்த முகத்தில் கௌரியம்மாளின் முறைப்பு வந்து உட்கார்ந்தது. கருமணி வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் மிக மெல்லியதாக இரண்டு புள்ளி குறித்து வைத்தார்.

*

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையை மூடிவிட்டன. கூட்டம் முருகனுக்கு வந்த கூட்டம். மெம்பர் அதைச் சத்திரத்து வாசலிலிருந்து பார்த்துக் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். நிழலுக்காகப் பந்தலில் ஒதுங்கினவர்கள் சபையானார்கள். மேடைக்கு முன்னால் வரிசை வரிசையாகச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்.

ராவ் சாகிப் வெகுநேரம் கழித்து வந்தார். வியர்வை, முழங்கால் வலி. மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டார், கார் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. நாதஸ்வரம் முழங்கியது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வெள்ளிப் பூண் போட்ட பென்சில் வந்தது. திரை விலகியது. மெம்பர் படத்துக்குப் பக்கத்தில் சபையைப் பார்த்து, புருவத்தை ஏற்றி, மூச்சை நிறுத்தி நின்றார்.

புள்ளி குறித்திருப்பதைத் துளசிங்கம் விரலால் காட்டினார். ராவ் சாகிப் தலையாட்டினார். காகிதத்துக்கு வெகு அருகில் குனிந்தார். அழுத்தமாக ஒன்று வைத்தார், சுழற்றி அதைப் பெரிதாக்கினார். கையை எடுத்து அடுத்ததையும் வைத்துச் சுழற்றினார். பிறகு பின்வாங்கி நின்று, தம் கண்ணுக்குத் தெரியாததை ரசித்தார்.

மெம்பரின் வலக்கண் மேலே கூரையைப் பார்த்தது. இடக்கண் கீழே யாருடைய செருப்பையோ பார்த்தது.

நாதஸ்வரம் ஓய்ந்திருந்தது. மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசை மொட்டைத் தலை ஒன்று சிரித்து, பக்கத்துத் தலை இடித்து அடங்கியது. அந்த அடங்கின சிரிப்பு மெம்பருக்குக் கேட்டிருக்க வேண்டும், அவர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். அவருடைய நிறுத்தின மூச்சு வெளியே வந்தது.

“பாகுந்தா?” என்று ராவ் சாகிப் வாத்தியாரைக் கேட்டார்.

நன்றாக இருக்கிறதா என்கிறார். இல்லை என்றால் ராவ் சாகிப்புக்கு அவமானம், அது மெம்பருக்கு அவமானம். ஆம் என்றால், கோணல் கண்ணை ஒப்புக்கொண்ட சித்திரக்காரன் என்று பழி முழுதும் தன் தலையில். இரண்டு வழியிலும் அவருக்குத் தெரிந்தது கரிப்புகை பஸ்தான். அங்கே பொதட்டூர்பேட்டைப் பெஞ்சில் அவர், இங்கே சுவரில் சாய்ந்து ஒருத்தி. முகத்துக்காகப் பழகிய பழக்கம் அத்தனையும், பார்த்துப் பார்த்துத் தொட்ட கோடு அத்தனையும், அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. களைப்பாக இருந்தது. களைப்பில் வாய் தானாகப் பேசியது.

“ஒரு கண்ணு மலைமேல கீற முருகனப் பாக்குது. ஒரு கண்ணு தரையில கீற ஏழைங்களப் பாக்குது. ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கறவரு நம்ம மெம்பர் ஒருத்தர்தான். அது தெரிஞ்சிதான் ராவ் சாகிப் வெச்சிருக்காரு.”

முதலில் துரைக்கண்ணு கைதட்டினார். மேடை தட்டியது. பந்தல் தட்டியது. ராவ் சாகிப், தாம் நினைத்ததை நினைத்தபடியே சொல்லிவிட்டான் இந்தப் பிள்ளை என்பதுபோல் வாத்தியாரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். மெம்பரின் கண்கள் கலங்கின. நிஜக் கண்கள். தம்மைப் பற்றி இவ்வளவு நாள் தமக்கே தெரியாமல் போயிற்றே என்ற கலக்கம்.

அதற்குப் பிறகு பேசிய அத்தனை பேரும் அந்த வாக்கியத்தையே பேசினார்கள். கடைசிப் பேச்சாளர் வரும்போது அது ராவ் சாகிப் சொன்னதாகிவிட்டிருந்தது. மெம்பர் நன்றி சொல்ல எழுந்தபோது, தாமே பல காலமாகச் சொல்லிவருவது என்றார்.

ஆனாலும் முதலில் சொன்னவனை அவர் மறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கூப்பிட்டு அருகில் நிறுத்தினார். துளசிங்கம் படத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். ரப்பர் கிடைத்ததும் சரிசெய்துவிடலாம் என்றார்.

“தொடாத” என்றார் மெம்பர். “படம் போட ஆயிரம் பேரு கெடைப்பான்யா. வாய் கெடைக்காது. இத்தினி வாயை வெச்சிக்கினு பென்சிலப் புடிச்சி நாளை வீணாக்கிட்டியே.”

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. ஒரு வார்த்தைதான் சொன்னாராம்.

*

கன்னியம்மாள் உத்தரவைக் கையில் வாங்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு, மடித்து வைக்கச் சொன்னாள். விழாவுக்கு அவள் வரவில்லை, கூட்டத்துப் புழுதி ஆகாது.

“படம் நல்லா வந்துச்சா பாவா?”

“இல்ல.”

“பின்ன எப்பிடிக் குடுத்தாரு?”

“பேசினேன்.”

“நீயா?” என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார், கண் இரண்டும் போன திசையைத் தம் கண்ணாலேயே காட்டினார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அவர் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தார். வைத்துவிட்டு அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்றா என்று பார்க்கவில்லை. மூச்சு மெல்ல மெல்ல இறங்கி வந்தது. அவள் முகத்தை அவ்வளவு நேரம் அவர் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தார். இதற்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்றும் நினைத்தார்.

வாசலில் துரைக்கண்ணு நின்றார்.

“ஐயா கூட்டினு வரச் சொன்னாரு வாத்தியாரே. ராவ் சாகிப் மறுபடியும் வர்றாரு. சத்திரத்துச் சுவரு ஒண்ணு இந்த மழைக்குச் சாஞ்சிக்கினு கீது. நாளைக்குள்ள இடிச்சிக் கட்ட முடியாது. அதுக்கு இன்னா அர்த்தம்னு ஐயா உங்களக் கேக்கச் சொன்னாரு.”

துளசிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் போய்வா என்று தலையசைத்தாள், அவளுக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது. அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எந்தப் பக்கமா சாஞ்சிக்கினு கீது?”

“மலைப் பக்கமா.”

“அப்ப சுலுவுதான்” என்றார் துளசிங்கம். களைப்போடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.